கொழும்பில் அடித்த சாவுத் தப்பு

கீழ்ப் பிரிவு,
சின்னக்கணவாய்த் தோட்டம்,
பசறை.
09.10.2006

பேரன்பும் மரியாதையும் உரிய மச்சான் கஜேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கலாராணியின் கணவனும், இத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும், பாடசாலைப் பெற்றோர் சங்கத் தலைவருமாகிய நல்லையா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். போன மாதம் ஒரு மத்தியானம் மட்டும் யாரோ செத்துவிட்டதாகத் தோட்டம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. குழிகூட வெட்டியாகிவிட்டது. அதுவும் இப்போது சரியாகிவிட்டது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மன் அருள் புரிவாளாக.

உங்கள் கடிதம் கிடைத்தது. வெளியூர் போகிற பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் ஆளுக்கொரு போன் வைத்திருப்பது அவசியம் என்றும், மயூரிக்கு ஒன்றை நீங்களே தருவதாகவும், நான் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மச்சான், நீங்கள் போன் விற்கிற கடையில் வேலை செய்கிறவர். முடி வெட்டலாமா வேண்டாமா என்று சலூனில் போய் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் உங்களிடம் நான் யோசனை கேட்கவில்லை. நீங்களாகவே சொல்லிவிட்டீர்கள். நானும் பதிலை விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற டிசம்பரில் நம் பாடசாலைப் பாண்ட் குழுவைக் கண்டியில் ஒரு ஊர்வலத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மயூரிதான் சிறு முரசு வரிசைக்குத் தலைவி. அவள் கையைப் பார்த்துத்தான் மற்றப் பிள்ளைகள் அடிப்பார்கள். உங்கள் தங்கை என்ன சொல்கிறாள் என்றால், "போன் இல்லாம எம்மகள வாசலத் தாண்ட விடமாட்டேன்" என்கிறாள். நான் போட்ட விதியோ எந்தப் பிள்ளையும் போன் கொண்டுபோகக்கூடாது என்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் இதை வாக்குக்கு விடப்போகிறார்கள். பாதிப் பேர் போன் வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள், முடிவு தலைவர் வாக்கில் நிற்கிறது. தலைவர் வேண்டாம் என்றால் பிள்ளை கண்டிக்குப் போக முடியாது. வேண்டும் என்றால் தலைவர் மேடையில் பேசியதெல்லாம் வீண். இந்த நிலைமையில் நீங்கள் வேறு கடிதம் போட்டு எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள்.

போன் ஏன் கூடாது என்பதற்குக் கொழும்புப் போட்டிக்கு முந்தைய கூட்டத்திலேயே மேடையில் காரணம் சொன்னேன். பாண்ட் வாத்தியம் என்பது இடது கால், வலது கால் என்று எண்ணி நடக்கிற காரியம். நடந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தால் பிள்ளை எந்தக் காலை வைக்கும்? வீட்டிலிருந்து அம்மா பேசுவாள், "சாப்பிட்டியா" என்பாள், பிள்ளை "சாப்பிட்டேன்" என்று சொல்வதற்குள் முன் வரிசை ஒரு பக்கமும் பின் வரிசை ஒரு பக்கமும் போய்விடும். இதைச் சொன்னபோது சபையில் கைதட்டினார்கள். நம் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பதே தண்ணீர்த் தொட்டி மேல்தான் என்பதையும், பெற்றோர் அனைவரும் ஒரே நேரத்தில் தொட்டிமேல் ஏறினால் தொட்டி தாங்காது என்பதையும் எடுத்துக்காட்டினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

ஆகவே விதி செய்தோம். பிள்ளைகள் போன் கொண்டுபோகக்கூடாது. கூடப் போகிற வீரசிங்கம் மாஸ்டர் மட்டும் ஒன்று வைத்திருக்கலாம், அதையும் அணிவகுப்பு முடிந்து, சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் ஓய்வெடுக்கும் வரைக்கும் அணைத்து வைக்க வேண்டும். யாரும் ஒளித்துக்கொண்டு போய்விடாதபடி பாண்ட் உடுப்பிலுள்ள எல்லாப் பைகளையும் தைத்து மூடிவிட வேண்டும். இதையும் மீறி எந்தப் பிள்ளையிடமாவது போன் அகப்பட்டால் அந்தப் பிள்ளையைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும், தலைவரே முன்னின்று நீக்க வேண்டும். கடைசி விதியை நான்தான் சேர்த்தேன். சட்டத்துக்குப் பல் வேண்டுமல்லவா? பைகளைத் தைத்தது உங்கள் தங்கை. தையல் மெசினை மிதித்துக்கொண்டே "பிள்ளைங்க லேஞ்சிய எங்க வைக்கும்?" என்று கேட்டாள். ஒழுக்கமுள்ள பிள்ளைக்கு மூக்கு ஒழுகாது என்று சொன்னேன்.

செப்டெம்பர் மாதம் கொழும்புப் போட்டிக்குப் பஸ் புறப்பட்டது. பெரகலை வளைவுகளில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்ததும், துடைக்க லேஞ்சி இல்லாமல் கொடித் துணியைப் பாவித்ததும் உங்களுக்கு மயூரி சொல்லியிருப்பாள். கொழும்புக்குள் நுழைகிற இடத்தில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். முரசுகளைத் தட்டிப் பார்த்தார்கள், அதில் பிரச்சினை இல்லை. ஒரு பிள்ளையின் பையில் கைவிடப் பார்த்தால் பை தைத்திருக்கிறது. அடுத்த பிள்ளைக்கும் தைத்திருக்கிறது. பஸ் முழுக்கத் தைத்திருக்கிறது. அத்தனை பேரையும் இறக்கி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். பை ஏன் தைத்திருக்கிறது என்பதை வீரசிங்கம் மாஸ்டர் விளக்கினாராம். அவருடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தபடியால் விளக்கம் இன்னும் கொஞ்சம் நீண்டதாம். கடைசியில் பிள்ளைகள் தெருவோரத்தில் நின்று ஒரு பாட்டு வாசித்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். இதைச் சிலர் விதியின் குறை என்கிறார்கள். ஒரு போன்கூட அகப்படவில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அன்று மாலை நீங்கள் பிள்ளைகள் தங்கியிருந்த இடத்துக்குத் தின்பதற்குப் பணிஸ் பொட்டலத்தோடு போய் மயூரியைப் பார்த்ததாக அறிந்தேன். மிகவும் சந்தோஷம். தாய்மாமன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் போட்டி. அதை வானொலியில் நேரடியாக ஒலிபரப்பினார்கள். போன் இல்லை என்று பெற்றோர் மனம் கலங்கக்கூடாது என்பதற்காக, கோயில் ஒலிபெருக்கியை வாங்கி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் கூரையில் கட்டி, வானொலியோடு இணைத்தேன். மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி செய்தேன். புறப்படும்போது மயூரி என்னிடம், "நாங்க நல்லபடியா போய்ச் சேந்துட்டோம்னு ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டிருந்தாள். "ஒன் டிரம் சத்தம் ரேடியோவுல கேட்டாப் போதும்மா. அதுக்கு மேல என்னா போன் வேண்டிக் கெடக்கு?" என்று சொல்லி அனுப்பினேன். இந்தப் பதிலை நீங்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

மத்தியான நிறுவை தொடங்குகிற நேரம். வானொலிக்காரர், "அடுத்து, ஊவா மாகாணத்திலிருந்து ஒரு தோட்டப் பாடசாலை" என்றார். மலையே கைதட்டியது. பிள்ளைகள் அருமையாக ஆரம்பித்தார்கள். ஊதுகிறவர்கள் ஊதினார்கள், முரசு சுத்தமாக விழுந்தது. கணக்கப்பிள்ளை என்று பார்க்காமல் நான்கூடத் தராசுப் பக்கத்தில் நின்று இடது, வலது என்று கால் மாற்றினேன். பாதிப் பாட்டில் முரசு ஒரு கணம் தடுமாறியது. பிறகு அடி மாறியது. டங்கு, டக்க டங்கு, டங்கு, டக்க டங்கு என்று மெதுவாக, கனமாக வந்தது. மச்சான், நீங்கள் கொழும்புக்குப் போய் வெகுகாலம் ஆனாலும் அந்த அடியை மறந்திருக்க மாட்டீர்கள். சாவுக்கு அடிக்கிற தப்பு. ஒரு முரசு ஆரம்பித்தது, தலைவி கையைப் பார்த்து அடிக்கிற மற்ற முரசுகளும் சேர்ந்துகொண்டன. ஊதுகிறவர்கள் என்ன ஊதுவதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். கொழும்பு மைதானத்தில் சாவுத் தப்பு தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வானொலிக்காரர்கள் சவர்க்கார விளம்பரம் போட்டுவிட்டார்கள். விளம்பரம் முடிந்தபோது வேறொரு பாடசாலை வாசித்துக்கொண்டிருந்தது.

சாவுத் தப்பு கேட்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். யார் அடித்தார்கள், எங்கே அடித்தார்கள் என்று விசாரிக்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்து வீடுகளுக்கு இறங்குவார்கள். அப்படியே இறங்கினார்கள். "கொழுந்த நிறுத்துட்டாவது போங்க" என்று கத்தினேன். "சாவு வீட்டுல கொழுந்து பேசுறாரு பாரு" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

அதோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். தப்படிக்கிற மாடசாமி லயத்து வாசலில் உட்கார்ந்து தப்பை அனல் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு இடத்தில் சாவுத் தப்பு கேட்டால் அடுத்த பிரிவுத் தப்புக்காரன் வாங்கி அடித்து, அதற்கடுத்த பிரிவுக்குச் சேதி சொல்ல வேண்டும், அது முறை. அவனும் முறைப்படி வாங்கி அடித்துவிட்டான். மேல் பிரிவில் அவன் அண்ணன் அதை வாங்கி அடித்தான். மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் யாரோ அதை வாங்கி அடித்தார்கள். ஓடிப்போய் மாடசாமியின் கையைப் பிடித்தேன்.

"யாருக்குடா அடிக்கிற?"

"எனக்கு என்னாங்க தெரியும்? ஒங்க ரேடியோவுல சொன்னாங்க, நான் அடிச்சேன்."

"ரேடியோவுல யாரு சொன்னா?"

"ஒங்க மக தாங்க."

அவன் அதைச் சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. பஸ்ஸில் போன பிள்ளைகளுக்குத்தான் ஏதோ நடந்திருக்கிறது, முரசடிக்கிற பிள்ளைகள் வேறு வழி இல்லாமல் தப்படித்துச் சேதி சொல்கிறார்கள் என்று யாரோ ஒருவர் சொன்னார். அடுத்தவர் அதை ஆமாம் என்றார். மூன்றாவது ஆள் பஸ் கவிழ்ந்த இடத்தையே சொல்லிவிட்டார். தப்படித்தது என் மகள் என்பதால் கூட்டம் முழுக்க நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. மச்சான், மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் நானும் அதை நம்பிவிட்டேன். நாற்பது பிள்ளைகள் போன பஸ். அதில் முன் வரிசையில் என் பிள்ளை. கலாராணி அடுப்படியிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

கருப்பம்மாவை உங்களுக்குத் தெரியும். மூன்று பிரிவிலும் ஒப்பாரி என்றால் அவள்தான். வந்ததும் வாசலில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். "ஆத்தா, யாருன்னே தெரியாது, கொஞ்சம் பொறு" என்று கெஞ்சினேன்.

"மொதல்ல ஆரம்பிச்சு வச்சிருவோம். பேரு வந்தப்பொறம் சேத்துக்கலாம்" என்றாள்.

பேர் போட வேண்டிய இடத்திலெல்லாம் கொஞ்சம் நிறுத்தி, மூக்கைச் சிந்தி, மேலே பாடினாள். ஆணா பெண்ணா என்று தெரியாததால் இரண்டுக்கும் பொருந்துகிற வரிகளாகப் பார்த்துப் பாடினாள் என்று பிறகு சொன்னாள். அந்தத் திறமையை நான் குறை சொல்ல மாட்டேன். இதற்கிடையில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அரிசியும் தேங்காயும் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. குழி வெட்டுகிற இரண்டு பேரும் யாரும் சொல்லாமலே மண்வெட்டியோடு சுடுகாட்டுப் பக்கம் போய்விட்டார்கள். சாவு என்றால் அவர்கள் இரண்டு பேருக்கும் அன்றைய வேலை அதுதான், பெரட்டில் பேர் விழுந்து நாள் சம்பளம் கிடைத்துவிடும்.

தொட்டிமேல் ஏறாமல் விசாரிப்பதற்கு இருந்த ஒரே போன் தோட்டத் துரை பங்களாவில். நான் ஓடினேன், பின்னால் கலாராணியும் ஓடி வந்தாள். துரை சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்தார்.

"நல்லையா, மலையில் ஒரு ஆள் இல்லை. யார் செத்தது?"

"இன்னும் தெரியலைங்க துரை."

"தெரியாமல் எப்படி லீவு கேட்கிறது?"

"லீவு கேக்கலைங்க. அவங்களாவே போயிட்டாங்க."

துரை நல்ல மனிதர். போனைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வீரசிங்கம் மாஸ்டரின் நம்பரைச் சுழற்றினேன். அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். மறுபடியும் சுழற்றினேன். மறுபடியும் சொன்னாள். நம் விதியை மாஸ்டர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார் என்பது அந்த நேரத்திலும் எனக்குத் தெரிந்தது. அதற்காக நான் பட்ட ஆத்திரத்தை எழுத முடியாது. கலாராணி பக்கத்தில் நின்று, "என்கிட்ட ஒரு நிமிசம் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் கொடுக்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், அழுகிற ஆளிடம் போனைக் கொடுத்தால் காரியம் கெட்டுவிடும். "குடுங்கன்னா குடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "ஒனக்கு என்னா நம்பர் தெரியும், சும்மா இரு" என்று அதட்டிவிட்டு நானே சுழற்றிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. துரைக்குத் தேநீர் வந்தது, எனக்கும் ஒரு கோப்பை வந்தது, இரண்டும் ஆறிப்போயின. ஒரு வழியாக மாஸ்டர் எடுத்தார்.

"ஹலோ, ஆர்?"

"மாஸ்டர், நல்லையா பேசுறேன். யாரு மாஸ்டர்? யாருன்னு மட்டும் சொல்லிருங்க."

"நீங்கள்தானே நல்லையா எண்டு சொன்னியள்?"

"செத்தது யாரு மாஸ்டர்?"

"என்ன கதைக்கிறியள்? ஒருத்தரும் சாகேல்லை. பிள்ளையள் எல்லாம் சோறு திண்டுபோட்டு இருக்கினம். எங்களுக்கு மூண்டாம் இடம் கிடைச்சிருக்கு. உங்கட மகள் நடுவில வேற அடி ஒண்டு அடிச்சவள், நான் பயந்துபோனன். நடுவர்மார் அதைத்தான் புதுமை எண்டு சொல்லிக் கை தட்டினவை."

நான் போனை வைத்தேன். கலாராணியிடம் "எல்லாரும் இருக்காங்க" என்று சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத நான் அப்பவே கேட்டுச் சொல்லியிருப்பேன்" என்றாள். பயத்தில் ஏதோ உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

இனி வாசலில் காத்திருக்கிற கூட்டத்துக்கு என்ன சொல்வது? பங்களாவிலிருந்து இறங்கி வருகிற வழியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. புறப்படும்போது மயூரி கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் ஞாபகத்துக்கு வந்தன. பிள்ளை என் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. போன் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார், முரசுச் சத்தம் போதும் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே, நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டோம் என்பதை நம் ஆட்களுக்குப் புரிகிற தப்பு அடியிலேயே சொல்லியிருக்கிறது. திருவிழா அடி வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பது, சாவு அடி அடிக்கடி கேட்பது. பழக்கத்தில் மாறிவிட்டது. இதை வாசலில் நின்ற கூட்டத்துக்கு விளக்கியபோது எல்லாரும் தலையாட்டினார்கள். "புள்ள எவ்வளவு அடக்கமா இருந்திருக்கு பாரு" என்றார்கள். நான், போன் இல்லாமலே ஒரே நேரத்தில் மூன்று பிரிவுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் சேதி போய்ச் சேர்ந்ததை எடுத்துக்காட்டினேன். எந்தப் போன் இதைச் செய்யும்? சேதி கொஞ்சம் பிழையாகப் போனது வேறு விஷயம்.

மிச்சமிருந்தது குழி. வெட்டிய குழியைச் சும்மா மூடக்கூடாதாம், அது ஆள் கேட்குமாம். ஆகவே ஒரு வாழை மரத்தை வெட்டி, வெள்ளைத் துணி சுற்றி, மாடசாமி முன்னால் தப்படித்துப் போக, எடுத்துப் போய்ப் புதைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் வந்ததற்கு அதையாவது பார்த்துவிட்டுப் போகிறோம் என்று நின்றார்கள். கருப்பம்மா அத்தனை நேரமும் காலியாக விட்டிருந்த இடங்களில் "வாழையே" என்று போட்டு முழுதாகப் பாடி முடித்தாள். சிலர் அப்போதுதான் நிஜமாகவே அழுதார்கள். துரை எல்லாருக்கும் அரைப் பேர்தான் போட்டார். குழி வெட்டிய இரண்டு பேருக்கு மட்டும் முழுப் பேர்.

இவ்வளவும் நடந்த பிறகும் போன் வேண்டும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள் என்றால் என்ன செய்வது? அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அன்று பிழை செய்தது விதி அல்ல, அடி. கண்டிக்குப் போவதற்கு முன் மாடசாமியை அழைத்துத் திருவிழா அடியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போன் விஷயம் அத்தோடு தீர்ந்தது. போன கூட்டத்தில் மயூரியை மேடைக்கு அழைத்து, "விதிக்குக் கீழ்ப்படிகிற பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோறு போடும்போதுகூட, "அப்பாவுக்குக் கறி வேணுமான்னு கேளும்மா" என்று அவள் அம்மாவிடம்தான் கேட்கிறாள். மேடையில் புகழ்ந்தது பிள்ளைக்குக் கூச்சமாகப் போய்விட்டது போல. ஆனாலும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை, அது வீட்டில் பேசாமல் நடமாடினால் என்னவோ போல இருக்கிறது. பாண்ட் உடுப்பைத் துவைத்து, அழுத்தி, ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். போகப்போகிறோமா இல்லையா என்று தெரியாமல் போகிறபோதும் வருகிறபோதும் அதைப் பார்த்துக்கொள்கிறாள்.

ஆகவே, மச்சான், போன் வேண்டவே வேண்டாம். நீங்கள் தருவதாகச் சொல்வதைக் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக உங்கள் தங்கைக்கு நாலு வரி எழுதுங்கள். தலைவர் செய்த விதி நல்ல விதி, பிள்ளையைப் போன் இல்லாமலே கண்டிக்கு அனுப்பு என்று எழுதுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள். அண்ணன் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் முத்தங்களையும் சொல்லவும். கருப்பம்மாவும் மாடசாமியும் உங்களைக் கேட்டதாகச் சொன்னார்கள், அந்த வாழை மரத்தைத் தந்தவரும் கேட்டார். உங்கள் கடையும் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் தழைக்க மாரியம்மன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத,
நல்லையா
(தலைவர், பெற்றோர் சங்கம்)

பி.கு.: முத்திரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி இந்தக் கடிதத்தை மயூரியிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டாள். திரும்பி வந்து என் எதிரே நின்றாள்.

"அப்பா, நான் சேதி சொல்லலப்பா. தொப்பி நடுங்குச்சு."

பாண்ட் உடுப்போடு போடுகிற அந்த இறகு வைத்த உயரத் தொப்பிக்குள்தான் போனை வைத்திருந்தாளாம். பைகள் எல்லாம் தைத்திருந்ததால் வேறு இடம் இல்லையாம். நீங்கள் கொண்டுபோன பொட்டலத்தில் பணிஸ் மட்டும் இருக்கவில்லை என்பதும், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது வாழ்த்துச் சொல்ல போன் எடுத்தது நீங்கள்தான் என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அது தலைமேல் கிடந்து துடிக்க, எடுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கை தன்பாட்டுக்கு அடித்துவிட்டதாம். அந்த வாரம் மேல் லயத்தில் இரண்டு சாவு, காதில் அதுதான் இருந்ததாம். பங்களாவில் உங்கள் தங்கை போனைப் பிடுங்கப் பார்த்தது ஏன் என்பதும் விளங்கிவிட்டது. நீங்கள் அவளுக்கு முன்கூட்டியே நம்பர் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அவளை நான் அதட்டாமல் இருந்திருந்தால் வாழை மரம் பிழைத்திருக்கும்.

"என்னய டீம்ல இருந்து நிப்பாட்டிருவீங்களாப்பா?" என்று கேட்டாள். பிள்ளை என்னோடு பேசியே நாளாகிவிட்டது. என்ன கேட்டாள் என்பது இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

விதிப்படி நீக்க வேண்டியதுதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த விதியையே நீக்க வேண்டும் என்று நானே பிரேரிக்கப்போகிறேன். அதுவும் செப்டெம்பர் மாதத்துக்கு முன்னாலிருந்தே நீக்க வேண்டும். மேலே எழுதியவற்றைத் திருத்த நேரமில்லை, தபால்காரர் வந்துவிடுவார். மேலே உள்ளதைப் படிக்காதீர்கள். உங்கள் தங்கைக்கு ஒன்றும் எழுதவும் வேண்டாம். இனிமேல் அணிவகுப்பு முடிந்த பிறகு மட்டும் அவளுக்குப் போன் எடுங்கள்.

இன்னொன்று. அந்தப் போனின் நம்பரை எனக்கும் எழுதி அனுப்பவும். மயூரியிடம் கேட்டால், தலைவர் பறிக்கக் கேட்கிறார் என்று பயப்படுவாள். அதட்டிய வாயால் உங்கள் தங்கையிடமும் கேட்க முடியாது. கலாராணியிடம் இருக்கிறது, இப்போது வீரசிங்கம் மாஸ்டரிடமும் இருக்கிறதாம், போனே இல்லாத கருப்பம்மாகூட மனப்பாடமாகச் சொல்கிறாளாம். பிள்ளையின் அப்பனிடம் மட்டும்தான் இல்லை.